முளை நீங்காத அரிசி செரிக்குமா? சக்தி தருமா?

(விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், பொம்மையார்பாளையத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிழக்கே வங்கக் கடலும் மேற்கே செம்மண் மேடும் எல்லையாக அமைந்த பொம்மையார்பாளையத்தில் இன்று நாம் கூடியிருக்கிறோம். கரையில் வலை வீசுவோரும் உள்ளே ஏர் பிடிப்போரும் இப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தொழில் வேறாயினும் இருவர் வீட்டு அடுப்பிலும் ஏறுவது அரிசி உலையே. ஆகவே அரிசியைப் பற்றிப் பேசுவது நம் எல்லோருக்கும் பொதுவான பேச்சாகும்.

நெல்லை எவ்வாறு மிகுதியாக விளைவிப்பது என்பது பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். விளைந்த நெல்லை எவ்வாறு அரிசியாக்குவது, அந்த அரிசியிலுள்ள சத்தில் எவ்வளவு நம் உடலில் சேருகிறது என்பது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. களத்தில் ஒரு மணி சிந்தினாலும் குனிந்து பொறுக்குகின்ற உழவர், மில்லில் அந்த மணியின் சிறந்த பகுதி கழிவதைக் கண்டும் வாளாவிருக்கின்றார். இதற்குக் காரணம் அசட்டை அன்று. நெடுநாளைய நம்பிக்கை ஒன்றேயாகும். தவிடும் முளையும் உள்ள அரிசி செரிக்காது, செரிக்காத சோறு உழைப்பவனுக்குப் பலம் தராது என்று பலர் கூற நாம் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அளந்து பார்ப்பதே நம் நோக்கம்.

நெல்மணியின் அமைப்பு

நெல்லின் புறத்தே இருப்பது உமி. அது மனிதருக்கு உணவாகாது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியாகப் போய்விடும். உமி நீங்கியபின் எஞ்சுவது சற்றே பழுப்பு நிறமுள்ள முழு அரிசி. அதன்மேல் மெல்லிய படலங்கள் சில போர்த்திருக்கின்றன. தீட்டும்போது தவிடாக உதிர்வன இப்படலங்களே. அரிசியின் அடிப்பக்கத்தில், ஒரு மூலையில், சிறு புள்ளிபோல் ஒட்டிக்கொண்டிருப்பது முளை. விதையாக இட்டால் நாற்றாக எழுவது அதுவே. எஞ்சிய பெரும்பகுதி வெண்மையான மாவுப் பொருளாகும்.

முளை நீங்காத அரிசி என்று நாம் கூறுவது, ஊறவைத்து முளைகட்டிய தானியத்தை அன்று. உமி நீங்கியும் முளை உதிராமல் நிற்கும் அரிசியையே அவ்வாறு குறிப்பிடுகிறோம். உரலில் குத்திய அரிசி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளரிசியை உள்ளங்கையில் இட்டுப் பாருங்கள். ஒரு முனை சாய்வாகப் பள்ளம் விழுந்திருக்கும். முளை இருந்த இடம் அதுதான்.

நிறையில் முளையின் பங்கு நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேற்படாது. ஆனால் அரிசியிலுள்ள வைட்டமின் பி1 என்னும் உயிர்ச்சத்தில் ஏறத்தாழப் பாதி, முளையிலும் அதனைத் தாங்கி நிற்கும் சிறு தகட்டிலும் அடங்கியிருக்கின்றது. மிச்சத்தில் பெரும்பகுதி தவிட்டுப் படலங்களில் உள்ளது. வெண்மையான உட்பகுதியில் இருப்பது மிகச் சொற்பமே.

செரிமானத்தை அளப்பது எவ்வாறு?

ஓர் உணவு செரிக்கிறதா இல்லையா என்பதை நாம் சாதாரணமாக வயிற்றின் உணர்ச்சியைக் கொண்டு சொல்கிறோம். உண்டபின் வயிறு இலேசாக இருந்தால் செரித்தது என்கிறோம். நெடுநேரம் நிறைந்தாற்போல் இருந்தால் செரிக்கவில்லை என்கிறோம். ஆராய்ச்சியாளர் இதனை ஏற்பதில்லை. மெதுவாகச் செரிப்பது வேறு. செரிக்காமல் வீணாவது வேறு.

அவர்கள் கையாளும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. நல்ல உடல்நலம் உள்ள சிலருக்கு நாள்தோறும் நிறுத்த அளவில் குறிப்பிட்ட உணவைக் கொடுக்கிறார்கள். அந்நாட்களில் வெளியாகும் மலத்தை முழுவதும் சேர்த்து உலர்த்தி, அதில் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு மாவுப்பொருள் எஞ்சியிருக்கிறது என்று பகுத்துப் பார்க்கிறார்கள். உண்டதில் இதனைக் கழித்தால் உடலில் சேர்ந்தது தெரியும். அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைச் செம்மைப்படுத்தி, உணவின் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடும் வழியை வகுத்தார். வரவில் வீண்செலவைக் கழித்து நிகர வருவாய் காணும் குடும்பக் கணக்கைப் போன்றதே இதுவும்.

கணக்கு கூறுவது

இத்தகைய சோதனைகள் பலவற்றின் முடிவுகளைத் தொகுத்து அமெரிக்க வேளாண்மைத் துறையார் 1955ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டனர். அதன்படி, வெள்ளரிசியிலுள்ள மாவுப்பொருளில் நூற்றுக்கு 99 பங்கு செரிக்கிறது. தீட்டாத முழு அரிசியில் 98 பங்கு செரிக்கிறது. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுதான். கொழுப்பில் வேறுபாடே இல்லை; இரண்டிலும் 90 பங்கு.

புரதத்தில் மட்டும் வேறுபாடு சற்றுக் கூடுதல். வெள்ளரிசியின் புரதத்தில் 84 பங்கு செரிக்க, முழு அரிசியின் புரதத்தில் 75 பங்கே செரிக்கிறது. தவிட்டின் நார்ப்பொருள் புரதத்தைச் சூழ்ந்திருப்பதால் செரிமான நீர்கள் அதனை எளிதில் எட்ட இயலுவதில்லை. இந்த மட்டில் நம் முன்னோர் கூறியதில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கணக்கை இத்துடன் நிறுத்துதல் கூடாது. முழு அரிசியில் புரதம் தொடக்கத்திலேயே அதிகம். 100 கிராம் முழு அரிசியில் சுமார் 7.5 கிராம் புரதம். வெள்ளரிசியில் சுமார் 6.7 கிராம். செரிக்காத பங்கைக் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் உடலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5.6 கிராமே. எனவே புரதத்திலும் முழு அரிசி உண்பவருக்கு நட்டம் இல்லை.

கிடைக்கும் சக்தியைப் பாருங்கள். மேற்கூறிய முறையில் கணக்கிட்டால் 100 கிராம் வெள்ளரிசி 363 கலோரியும், முழு அரிசி 360 கலோரியும் தருகின்றன. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் உழைப்பாளி ஒருவர் வெள்ளரிசியை விட்டு முழு அரிசிக்கு மாறினால் இழப்பது 12 கலோரி. இரண்டு விரலால் எடுக்கும் சோற்றின் அளவுதான் அது! செரிக்காது, பலம் தராது என்ற பேச்சு முழுவதும் இந்த ஒரு சிட்டிகைச் சோற்றின்மேல் எழுப்பிய கட்டடம் என்பது இப்போது விளங்கும். முளையை மட்டும் காத்து, தவிட்டில் ஒரு பகுதியை நீக்கிய அரிசியில் இந்தச் சிறு வேறுபாடும் குறைந்துவிடும்.

மற்றொரு கணக்கும் உண்டு. அது உழவருக்கு உரியது. 100 கிலோ நெல்லில் உமி போக ஏறத்தாழ 80 கிலோ முழு அரிசி கிடைக்கும். அதனை நன்றாகத் தீட்டினால் மேலும் 7 அல்லது 8 கிலோ தவிடாகக் கழியும். அவ்வளவு அரிசியோடு கழியும் சக்தி ஏறத்தாழ 26,000 கலோரி. அது வளர்ந்த ஒருவருக்குப் பத்து நாள் உணவுக்கு ஈடாகும். தவிடு வீணாவதில்லை, மாட்டுக்குப் போகிறது, எண்ணெயும் எடுக்கிறார்கள் என்று நீங்கள் கூறலாம். அது நியாயமே. பசு அதனைப் பாலாகத் திருப்பித் தருகின்றது. ஆனால் பசு இல்லாத வீட்டார், தவிட்டை மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள், இந்தக் கணக்கை எண்ணிப் பார்த்தல் நலம்.

விறகும் நெருப்பும்

சக்தி என்பது வயிற்றில் செரிப்பதோடு முடிவதன்று. செரித்த மாவுப்பொருள் இரத்தத்தில் சென்று, தசைகளிலும் நரம்பிலும் இருதயத்திலும் எரிந்தாலன்றி உழைக்கும் ஆற்றலாக மாறாது. அவ்வாறு எரிவதற்கு இன்றியமையாதது வைட்டமின் பி1. இதனைத் தயமின் என்றும் கூறுவர். அடுப்பில் விறகை அடுக்கிவிட்டுத் தீக்குச்சி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். பி1 இல்லாமல் சோறு மட்டும் உண்பவர் உடலின் நிலையும் அதுவேயாகும்.

ஆகையால் எவ்வளவு கலோரி உண்கிறோமோ அதற்கேற்ப பி1 தேவைப்படுகின்றது. 1,000 கலோரிக்கு 0.5 மில்லிகிராம் என்பது நம் நாட்டு ஊட்டவியலார் நெடுநாள் கொண்டிருந்த அளவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பட்டியலைக் கொண்டு இதனைச் சரிபார்ப்போம். ஈரப்பதமும் கணக்கிடும் முறையும் சிறிது வேறுபடுவதால் அதில் 100 கிராம் அரிசிக்குக் கலோரி 345 முதல் 349 வரை காணப்படும். நால்வகை அரிசிக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றே. பி1 மட்டும் பெரிதும் மாறுகின்றது.

மில்லில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் பி1 0.06 மில்லிகிராம். கைக்குத்தல் பச்சரிசியில் 0.21. மில்லில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27.

இவற்றை 1,000 கலோரி கணக்காக மாற்றினால், தீட்டிய பச்சரிசி தருவது 0.17 மில்லிகிராம், தேவையில் மூன்றில் ஒரு பங்கே. கைக்குத்தல் பச்சரிசியும் மில் புழுங்கலும் 0.6 தருகின்றன. கைக்குத்தல் புழுங்கல் 0.77 தருகின்றது. தீட்டிய பச்சரிசி தவிர மற்ற மூன்றும் தம்மை எரிப்பதற்கு வேண்டிய பி1 சத்தைத் தாமே கொண்டு வருகின்றன. தீட்டிய பச்சரிசியோ அதனைப் பருப்பிடமும் மீனிடமும் காய்கறியிடமும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அவை இல்லாத ஏழை வீட்டில் கடன் கொடுப்பார் யார்?

வரலாறு தந்த பாடம்

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. பல ஆயிரம் உயிர்கள் கொடுத்துக் கற்ற பாடம். பி1 குறைவினால் வரும் நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். கால்கள் மரத்துப்போகும் அல்லது வீங்கும், நடை தளரும், இருதயம் பெருத்து ஓய்ந்துவிடும். 1904-05இல் ருசியாவோடு நடந்த போரில் ஜப்பானியப் படைவீரர்க்கு வெள்ளரிசிச் சோறே தலையாய உணவாக அளிக்கப்பட்டது. பெரிபெரியினால் மடிந்தவர் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர்.

அதே காலத்தில் மலாயாவில் பிராடன் என்னும் மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். அங்கே சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெரிபெரியினால் கூட்டம் கூட்டமாக மாண்டனர். அதே நாட்டில், அதே வெப்பத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அநேகமாக அண்டவே இல்லை. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதனை நூலாக எழுதினார். அதனையடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாலை வேலையில் இருந்த ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலும் அளித்துப் பார்த்தனர். வெள்ளரிசி உண்டவரிடமே நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த நம் மக்கள், தம் வீட்டு வழக்கத்தை விடாமல் காத்ததனால் தம் உயிரையும் காத்துக்கொண்டனர் என்றால் மிகையாகாது.

நம் நாட்டிலும் இதே பாடம் கிடைத்தது. அக்காலச் சென்னை மாகாணத்தில் வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி வழக்கம். புழுங்கல் வழங்கிய தமிழ் மாவட்டங்களிலோ அந்நோய் மிக அரிது. குன்னூரில் மக்காரிசன் என்னும் அறிஞர் அரிசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார். அவருக்குப்பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும், தீட்டுவதாலும் கழுவுவதாலும் வடிப்பதாலும் எவ்வளவு சத்துப் போகிறது என்பதை அளந்து 1940இல் அறிக்கையாக அளித்தனர். குன்னூரில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1936இல் பி1 சத்தைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்ட வில்லியம்ஸ் என்பவர் நெல்லூரில் பிறந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இன்று நம் ஊர்களில் பெரிபெரியைக் காண்பது அரிது. பருப்பும் காய்கறியும் மீனும் பாலும் முன்னிலும் அதிகமாகச் சேருவதே அதற்குக் காரணம். எனினும் அது அறவே ஒழிந்துவிட்டதாக எண்ணலாகாது. 2010க்குப் பின்னும் காசுமீரத்தில், பிள்ளை பெற்றபின் வெள்ளரிசியோடு கடும் பத்தியம் காத்த தாய்மாரின் பச்சிளங் குழந்தைகள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்ததையும், பி1 ஊசி இட்டதும் பல குழந்தைகள் பிழைத்ததையும் அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வெறும் சோறும் மிளகு நீரும் மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் எங்கேனும் இருக்குமாயின், இதனைக் கேட்டபின் அதனைக் கைவிட வேண்டும்.

புழுங்கலின் சிறப்பு

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் முறையை நம் மூதாட்டியர் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் கற்கவில்லை. அதில் நடப்பது என்ன? ஊறும்போதும் வேகும்போதும் முளையிலும் தவிட்டிலும் உள்ள பி1 நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்று சேருகின்றது. மாவுப்பொருள் இறுகி அதனைப் பற்றிக்கொள்கிறது. பிறகு மில்லில் தீட்டி முளை போனாலும் சத்தில் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. அரிசி உடைந்து நொய்யாவதும் குறைகிறது.

அன்றியும், கழுவும்போது பச்சரிசி இழக்கும் அளவுக்குப் புழுங்கல் இழப்பதில்லை. தீட்டிய பச்சரிசியைப் பலமுறை பிசைந்து கழுவினால், எஞ்சிய பி1 சத்தில் ஏறத்தாழப் பாதி கழுநீரோடு போய்விடும். பிறகு கஞ்சியை வடித்துக் கொட்டினால் மேலும் ஒரு பகுதி போகும். மாட்டுத் தொட்டிக்குக் கழுநீரும், சாக்கடைக்குக் கஞ்சியும், பிள்ளைகளுக்கு வெண்மையான சக்கையுமாக முடிவது வருந்தத்தக்கது.

குறைகளும் உண்டு

ஒரு பொருளின் நன்மையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் முறையன்று. முளை நீங்காத அரிசிக்குக் குறைகள் சில உள.

முதலாவது, அது நெடுநாள் இருப்பில் நிற்காது. முளையிலும் தவிட்டிலும் எண்ணெய் உண்டு. உமி நீங்கிக் காற்றுப்பட்டதும் அது கெட்டுச் சிக்கு நாற்றம் கொள்ளும். பூச்சியும் விரும்பி வரும். நெல்லாகவே வைத்துக்கொண்டு, பத்து அல்லது பதினைந்து நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்வதே இதற்கு வழி.

இரண்டாவது, வேகுவதற்கு நேரமும் எரிபொருளும் அதிகம் வேண்டும். அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்து, அதே நீரில் உலை ஏற்றினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். வயிறு கனக்கிறது என்று முறையிடுவோரில் பலர் உண்மையில் முழுதும் வேகாத சோற்றை உண்டவர்களேயாவர்.

மூன்றாவது, தவிட்டில் பைட்டிக் அமிலம் என்னும் பொருள் உண்டு. அது இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச் சத்துகளைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே முழு அரிசியில் இரும்புச்சத்து அதிகம் என்று பட்டியலில் கண்டாலும் அவ்வளவும் நமக்குக் கிடைத்துவிடும் என்று மகிழ வேண்டியதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, மீன் ஆகியவற்றை உணவோடு சேர்த்துக்கொள்வது இத்தடையைத் தளர்த்தும். மீனுக்கு இக்கடற்கரையில் குறைவில்லை.

நான்காவது, கைக்குழந்தைகளுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் நார்மிக்க அரிசி ஏற்றதன்று. அவர்களுக்குக் குழைய வெந்த புழுங்கல் கஞ்சி போதுமானது.

மெதுவாகச் செரிப்பது என்னும் குணம் மட்டும், முன்பு குறையாகக் கருதப்பட்டு இப்போது நிறையாகக் கருதப்படுகின்றது. நீரிழிவு பெருகிவிட்ட இக்காலத்தில், சோறு உண்டவுடன் இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுவது தீமை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சியாளர் ஒரே இரகத்து அரிசியை மூன்று விதமாகத் தீட்டிச் சோதித்தனர். சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் குறியீடு, தீட்டாத அரிசிக்கு ஏறத்தாழ 58, நூற்றுக்கு 2.3 பங்கு மட்டும் தீட்டியதற்கு 73. முழுதும் தீட்டியதற்கு 80. கிடைக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றாயிருப்பினும், அது வந்து சேரும் வேகம் வேறு. மடையைத் திறந்து ஏரி நீரை ஒரே நாளில் விட்டுவிடுவதற்கும், முறை வைத்துப் பாய்ச்சுவதற்கும் உள்ள வேறுபாட்டை உழவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இலேசாகத் தீட்டினால் போதும் என்பது பி1 காக்கும் அளவுக்குச் சரியே. நீரிழிவு உடையவர் அரிசியைத் தீட்டாமலே உண்பதும், அப்போதும் அளவோடு உண்பதும் நலம்.

நாம் செய்யத்தக்கவை

கைக்குத்தல் அரிசிக்காக நாட்டில் முன்பே பெருமுயற்சி நடந்தது. 1934இல் காந்தியடிகள் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் இதனைத் தன் முதன்மையான பணிகளில் ஒன்றாக மேற்கொண்டது. அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த குமரப்பா. உரல் தொழிலைக் காக்கும் பொருட்டு 1958இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றும் வந்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. உரலும் உலக்கையும் இனித் திரும்பி வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. நம் தாய்மார் தோள் வலிக்க மீண்டும் குத்த வேண்டும் என்று கூறுவதும் நியாயமன்று. எந்திரம் இருக்கட்டும், அது எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்போம்.

ஊராட்சியார் தம் எல்லைக்குட்பட்ட அரைவை மில்காரரை அழைத்துப் பேசலாம். பழைய ஹல்லர் எந்திரம் உமியையும் தவிட்டையும் ஒன்றாகவே உரித்து அரிசியையும் உடைக்கின்றது. இரப்பர் உருளை பொருத்திய எந்திரமோ உமியை மட்டும் நீக்கி முழு அரிசியைத் தருகின்றது. பிறகு வேண்டிய அளவுக்கே தீட்டிக்கொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று இத்தகைய சிறு எந்திரத்தை நிறுவினால் ஊருக்கு நல்ல அரிசியும் குழுவுக்கு வருவாயும் கிடைக்கும்.

முளை நிற்கிறதா என்று அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டுவதில்லை. அரைத்த அரிசியில் கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி, முளை உள்ளவற்றை எண்ணுங்கள். ஜப்பானில் முளை அரிசி என்று விற்பதற்கு 100க்கு 80 மணியிலாவது முளை இருக்க வேண்டும் என்பது அளவு. பள்ளிப் பிள்ளைகளே இதனைச் செய்துவிடுவர். மாதம் ஒருமுறை எண்ணிக் கிராம சபையில் அறிவித்தால் மில்காரரும் கவனமாக இருப்பார். புழுங்கலுக்கு இச்சோதனை அவ்வளவு தேவையில்லை. முளை போயினும் அதில் சத்து உள்ளே தங்கியிருக்கும்.

நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குவோர், பச்சரிசியும் புழுங்கலும் இருக்குமிடத்தில் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலையே கேட்டு வாங்குக. வெண்மை குறைவென்று அதனைத் தள்ளுதல் வேண்டா. பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் பச்சரிசி இருக்கட்டும்.

இல்லத்தில் தாய்மார் செய்யத்தக்கது மூன்று. அரிசியைக் கல் நீக்கி, இரண்டு முறைக்கு மேற்படாமல் இலேசாகக் கழுவுக. நீர் அளந்து வைத்து, வடிக்காமல் பொங்குக. வடிக்கும் வழக்கம் விடாதாயின் கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுப் பருகுக அல்லது குழம்பிலும் இரசத்திலும் சேர்த்துக்கொள்க. இவற்றிற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

முடிவாக

அன்பர்களே! முளை நீங்காத அரிசி செரிக்குமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். அளந்து பார்த்ததில் அது செரிக்கிறது என்றே கண்டோம். நூறு பங்கு மாவுப்பொருளில் ஒரு பங்கு குறைவாகச் செரிக்கலாம். அந்த ஒரு பங்குக்காக, செரித்த மற்றவற்றை எரித்துச் சக்தியாக்கும் உயிர்ச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழப்பது அறிவுடைமையாகாது.

திண்டிவனம், வானூர் வட்டங்களின் வயல்களில் உழவர் நீர் கட்டி, களை பறித்து, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் விளைவிப்பது உமிக்குள் இருக்கும் முழு மணியை. அதன் முளையே நாளைய நாற்று. இன்றைய பலமும் அதுவே. விதைநெல்லில் முளை கெடாமல் பார்த்துப் பார்த்துக் காப்பவர்கள் நாம். உண்ணும் நெல்லுக்கும் அந்தக் காப்பில் ஒரு பங்கு கொடுப்போம். அடுத்த முறை நெல் அரைக்கச் செல்லும்போது, தீட்டுவதற்கு முன் மில்காரரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்: "வெள்ளை போதும், முளை இருக்கட்டும்."